ஆறு வாரங்களைக் கடக்கும் ஒரு நாள்

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெள்ளை மலைத்தொடரில் உள்ள வாஷிங்டன் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,917 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இமயத்தையும் ஆண்டீஸையும் பற்றிப் படித்தவர்களுக்கு இது பெரிய உயரமாகத் தோன்றாது. உச்சியிலும் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இருப்பதால், உயர்மலை நோய் இங்கே ஒரு பெரிய அச்சமே அன்று. ஆயினும், காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடக்கூடிய இந்த மலையிலும் இதை ஒட்டிய சிகரங்களிலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இன்றுவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் கடுங்குளிர்காலத்தில் வந்தவர்கள் அல்லர். மிதமான பருவத்தில், அடிவாரத்தின் இதமான வெயிலை நம்பிப் புறப்பட்டவர்கள்.

இந்த மலைக்கு நடந்து செல்வோர் பெரிதும் நாடுவது டக்கர்மன் பள்ளத்தாக்குப் பாதை. கற்பாசிகளை ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் எட்வர்ட் டக்கர்மனின் பெயரைத் தாங்கிய இப்பாதை, பிங்கம் நாட்ச் என்னும் கணவாயில் 619 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 6.8 கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 1,300 மீட்டர் ஏறி உச்சியை அடைகிறது. ஓர் இலையுதிர்கால நாளில் இப்பாதையில் ஏறி இறங்கும் மனித உடலுக்குள்ளும் அதைச் சுற்றியும் நிகழ்வனவற்றை அறிவியலின் துணையோடு பின்தொடர்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். அந்த நாளில் உடல் மூன்று கணக்குகளை ஒரே நேரத்தில் பராமரிக்க வேண்டியிருக்கிறது: வெப்பத்தின் கணக்கு, தசையின் கணக்கு, பகலொளியின் கணக்கு. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக ஒரு நல்ல நடையாளரை வீழ்த்திவிடுவது அரிது. மூன்றும் பிற்பகலின் ஒரே வேளையில் ஒன்றுசேர்ந்து குறைவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சரிவின் வரலாறு

பாதையின் முதல் 3.9 கிலோமீட்டர், காட்டின் ஊடாகச் சுமார் 560 மீட்டர் ஏறி ஹெர்மிட் ஏரி என்னும் சிறு நீர்நிலையை அடைகிறது. இதன் சராசரிச் சரிவு நூற்றுக்குப் பதினான்கு. எஞ்சிய 2.9 கிலோமீட்டரில் ஏற வேண்டிய உயரமோ ஏறத்தாழ 735 மீட்டர், அதாவது சராசரிச் சரிவு நூற்றுக்கு இருபத்தைந்து. பாதையின் குணம் இப்படி நடுவழியில் மாறுவதற்குக் காரணம் பனியாறு. கடந்த பனியூழியில் மலைச்சரிவில் தேங்கிய பனி இறுகி, தன் எடையாலேயே மெல்ல நகர்ந்து, பின்சுவரிலிருந்து பாறைகளைப் பெயர்த்து, தரையைத் தேய்த்து ஆழமாக்கியது. அவ்வாறு உருவாகும் கிண்ண வடிவப் பள்ளத்தைப் புவியியலாளர்கள் பனிக்குடைவு என்கிறார்கள். பனி விலகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அதன் செங்குத்தான பின்சுவர் அப்படியே நிற்கிறது. பாதை அதன் ஓரமாகக் கற்களைப் பற்றி ஏறுகிறது.

சுவரைத் தாண்டினால் உச்சிவரை பாறைக்கடல். பாறையின் விரிசல்களில் புகும் நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. உறைந்தும் உருகியும் ஆயிரக்கணக்கான குளிர்காலங்களாகத் தொடர்ந்த இந்த விரிவு, அபிரகம் மின்னும் சிஸ்ட் வகைப் பாறையைத் துண்டு துண்டாகப் பிளந்து, மண்ணே கண்ணுக்குத் தெரியாதபடி சரிவெங்கும் பரப்பிவிட்டிருக்கிறது. இவற்றின் மீது நடப்பவர் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. சமதள நடையின் சீரான தாளம் இங்கே கைகூடுவதில்லை. மேலும், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் குதிரைகளுக்காக வளைத்து வளைத்து அமைக்கப்பட்ட பாதைகளைப் போலன்றி, நியூ ஹாம்ப்ஷயரை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பழைய மலைப்பாதைகளில் பலவும் சரிவை நேரே பிளந்து ஏறுபவை. மழைநீரும் அதே வழியில் இறங்கி மண்ணை அரித்துச் செல்வதால், பாதை என்று எஞ்சுவது பெரும்பாலும் வேர்களும் உருண்டைக் கற்களும்தான்.

நிறம் மாறும் அடுக்குகள்

அக்டோபரின் தொடக்கத்தில் இம்மலையின் அடிவாரக் காட்டைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து மக்கள் வருகிறார்கள். சர்க்கரை மேப்பிள் செந்நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும், மஞ்சள் பிர்ச் பொன்னிறத்திலும், பீச் மரம் செம்பு நிறத்திலும் மாறி நிற்கும் இக்காட்சிக்குப் பின்னால், மரம் தன் செல்வத்தைத் திரும்பப் பெறும் ஒரு பெரும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. பகல் குறுகுவதையும் இரவு குளிர்வதையும் உணர்ந்த மரம், ஒளிச்சேர்க்கைக்கு ஆதாரமான பச்சையத்தையும் அதைத் தாங்கும் புரதங்களையும் சிதைத்து, அவற்றில் அடங்கிய நைட்ரஜனில் கணிசமான பகுதியை இலையிலிருந்து கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை மறைந்ததும், கோடை முழுவதும் இலையில் இருந்தும் வெளித்தெரியாத கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் புலப்படுகின்றன. மேப்பிளின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் அப்படி முன்பே இருந்தது அன்று. உதிரப்போகும் இலையில் எஞ்சிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பச்சையம் சிதையும் வேளையில் மிகுதியான ஒளியால் இலைச் செல்கள் சேதமடையாமல் காக்கும் திரையாக அந்நிறமி உதவுகிறது என்பது பல தாவரவியலாளர்களின் கருத்து. தெளிந்த பகலும் உறையாத குளிர் இரவும் அடுத்தடுத்து அமையும் ஆண்டுகளில் சிவப்பு அழுத்தமாக இருப்பதும் இதனால்தான். இதற்கிடையே இலைக்காம்பின் அடியில் உதிர்வடுக்கு எனப்படும் மெல்லிய செல் வரிசை வலுவிழந்து பிரிய, காற்றின் சிறு தொடுகையில் இலை விழுகிறது.

ஏறுபவர் இந்த வண்ணக் காட்டை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறார். பின்னர் ஸ்ப்ரூஸும் பால்சம் ஃபரும் அடர்ந்த, என்றும் பசுமையான ஊசியிலைக் காடு வருகிறது. மேலே போகப்போக மரங்கள் உயரம் குறைந்து, ஏறத்தாழ 1,400 மீட்டரை ஒட்டிய மர எல்லையில் இடுப்பளவும் முழங்காலளவுமாகச் சுருங்கி, காற்று தள்ளிச் செல்லும் பக்கமாகச் சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதற்கும் மேலே புல்லும் கற்பாசியும், டயாபென்சியா எனப்படும் மெத்தை வடிவச் செடியுமே வாழ்கின்றன. சில சென்டிமீட்டர் உயரமே உள்ள இச்செடி, தரையோடு ஒட்டிய மெல்லிய காற்றடுக்கின் அமைதிக்குள் தன்னை அடக்கிக்கொள்வதால், வெயில் நேரங்களில் சுற்றியுள்ள காற்றைவிடத் தன் உட்பகுதியை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள முடிகிறது. நிமிர்ந்து நடக்கும் மனிதனுக்கு அந்த அடக்கம் வாய்க்காது. தாவரங்கள் விலகிப்போன வெளியில்தான் அவன் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த அடுக்குகளுக்கு ஒரு காலக்கணக்கும் உண்டு. ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் என்னும் அமெரிக்கப் பூச்சியியலாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே ஓர் அட்சரேகைப் பாகை செல்வதும் 400 அடி, அதாவது ஏறத்தாழ 122 மீட்டர் உயரே செல்வதும் பருவங்களின் வரவில் சுமார் நான்கு நாள் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்ற தோராய விதியை வகுத்தார். வசந்தம் அந்த அளவுக்குத் தாமதமாகும், இலையுதிர் காலமோ அந்த அளவுக்கு முந்திக்கொள்ளும். இவ்விதியை வாஷிங்டன் மலைக்குப் பொருத்தினால், 1,300 மீட்டர் ஏற்றம் நாற்பத்திரண்டு நாட்களுக்குச் சமமாகிறது. அக்டோபர் 10 அன்று காலையில் அடிவாரத்தில் புறப்படுபவர் நண்பகலில் நிற்பது நவம்பர் மூன்றாம் வாரத்தின் பருவத்தில். வானிலையின் நாளொரு மாற்றத்தை இவ்விதி சொல்லாது என்றாலும், நடையாளர் எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை இது தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

ஏற்றத்தின் விலை

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஏழு கிலோகிராம் மூட்டையுடன் 1,300 மீட்டர் உயர வேண்டுமானால், புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் அவர் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 980 கிலோஜூல், அதாவது 235 கிலோகலோரி. ஒரு வேளைச் சிற்றுண்டிக்குள் அடங்கிவிடும் அளவாக இது தோன்றலாம். ஆனால் தசை, தான் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகிறது. மற்ற மூன்று பங்கும் வெப்பமாகவே வெளிப்படுகின்றன. எனவே, உயர்வதற்கான உண்மைச் செலவு 900 கிலோகலோரியைத் தாண்டுகிறது. அதனுடன் முன்னோக்கி நடப்பதற்கும், சமநிலையைக் காப்பதற்கும், உயிர்வாழ்வதற்குமே ஆகும் அடிப்படைச் செலவையும் இறக்கத்தின் செலவையும் கூட்டினால், அந்த நாள் முழுவதற்கும் 2,500 முதல் 3,000 கிலோகலோரி வரை செலவாகும் என மதிப்பிடலாம். உடல் உடனடியாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன், தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரிக்கே போதுமானது. கொழுப்பின் இருப்பு மிகப் பெரிது. ஆனால் அதிலிருந்து ஆற்றல் வரும் வேகம் குறைவு. செங்குத்தான சுவரில் மூச்சு வாங்க ஏறும் தசை கிளைகோஜனையே பெரிதும் நாடுகிறது. ஆகவே, வழியில் எதுவும் உண்ணாமல் ஏறுபவர் அதன் பெரும்பகுதியை உச்சிக்கு முன்பே செலவழித்துவிடுகிறார்.

ஓய்வில் இருக்கும் மனித உடல் 80 முதல் 100 வாட் வரை வெப்பம் தருகிறது. இப்பாதையில் ஏறும்போது உடல் எரிக்கும் ஆற்றல் அதைப்போல் ஐந்து மடங்கை எட்டுகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும் என்பதால் இரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது, வியர்வை சுரக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஏற்றத்தின்போது உண்டாகும் மிகை வெப்பத்தைப் போக்க வியர்வை ஒன்றையே நம்பினால், ஒரு லிட்டருக்கும் மேல் தேவைப்படும். குளிர்ந்த காலையிலும் ஹெர்மிட் ஏரியை அடைபவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதற்கு இதுவே காரணம். கீழே உடலைக் காப்பாற்றிய அந்த ஈரம்தான் மேலே அதற்கு எதிராகத் திரும்புகிறது.

ஈரமும் காற்றும்

காற்று உயரே செல்லச்செல்ல அழுத்தம் குறைந்து விரிவடைந்து குளிர்கிறது. வளிமண்டலத்தில் சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.5 செல்சியஸ் பாகை குறைகிறது. அடிவாரத்தில் 10 பாகை இருக்கும் நாளில் உச்சியில் ஒன்று அல்லது இரண்டு பாகையே எதிர்பார்க்கலாம். இத்தனைக்கும் இது தொடக்கம் மட்டுமே. வாஷிங்டன் மலையின் உண்மையான அடையாளம் அதன் காற்று. மேற்கிலிருந்து வரும் காற்றோட்டத்துக்குக் குறுக்கே வடக்கு தெற்காக இம்மலைத்தொடர் நிற்பதாலும், கண்டத்தைக் கடந்து வரும் புயல்களின் தடங்கள் பல இந்த வட்டாரத்தில் கூடுவதாலும், மலைமுகட்டின் மேல் நெருக்கப்படும் காற்று வேகம் பெறுகிறது. உச்சியில் 1932 முதல் இயங்கிவரும் வானிலை ஆய்வு நிலையத்தில், 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா சூறாவளியின்போது தானியங்கிக் கருவி ஒன்று அதைவிடக் கூடிய வேகத்தைப் பதிவுசெய்யும்வரை, அதுவே புவியின் தரைப்பரப்பில் அளக்கப்பட்ட மிகப் பெரிய காற்று வேகமாக இருந்தது. அப்படிப்பட்ட நாட்களை விட்டுவிட்டாலும், ஆண்டுச் சராசரியே மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும் நேரமும் மிகுதி. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் மேகத்துளிகள், பாறையிலோ கம்பத்திலோ மோதிய கணத்தில் உறைந்து, காற்று வரும் திசையை நோக்கியே வளரும் வெண்பனிச் சிறகுகளாகின்றன. இத்தகைய ஒட்டுப்பனி செப்டம்பரிலும் அக்டோபரிலும் இங்கே காணக்கூடியதுதான்.

காற்று உடலைக் குளிர்விப்பது, தோலுக்கு அருகே உடல் சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றடுக்கைத் தொடர்ந்து அகற்றுவதன் மூலம்தான். அண்டார்க்டிகாவில் 1941-இல் பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும் சிறு உருளையில் வைத்த நீர் எவ்வளவு விரைவாக உறைகிறது என்பதை வெவ்வேறு காற்று வேகங்களில் அளந்து, காற்றுக்குளிர் என்ற கருத்துக்கு எண் வடிவம் தந்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட திருத்திய சூத்திரத்தின்படி, 1.5 பாகை வெப்பநிலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோல் உணரும் குளிர் ஏறத்தாழ மைனஸ் 7 பாகைக்கு இணையானது. இக்கணக்கு உலர்ந்த தோலுக்கானது. ஈரம் இதற்குள் அடங்கவில்லை. உடை உடலைக் காப்பது நூலிழைகளால் அன்று, இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றால். அந்த இடத்தை நீர் நிரப்பும்போது, நீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், காப்பு குலைந்துவிடுகிறது. பருத்தி நீரை மிகுதியாக உறிஞ்சித் தோலோடு ஒட்டிவிடும். கம்பளி நனைந்தாலும் அதன் இழைகள் சுருளாகவே நிற்பதால் ஓரளவு காற்றைத் தக்கவைக்கும்.

இதன் விளைவை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், 1953 எவரெஸ்ட் பயணத்தின் உடலியல் அறிஞரான கிரிஃபித் பியூ. இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் 1964 மார்ச்சில் நடந்த நெடுநடைப் போட்டி ஒன்றில், மழையிலும் காற்றிலும் மூன்று இளைஞர்கள் குளிரால் இறந்ததை அடுத்து, அவர்கள் அணிந்திருந்தவை போன்ற உடைகளை ஆய்வகத்தில் நனைத்து, காற்று வீசச்செய்து அவர் சோதித்தார். நனைந்து காற்றுக்கு உள்ளான உடை தன் காப்புத்திறனின் பெரும்பகுதியை இழப்பதையும், அவ்வேளையில் உடலைச் சூடாக வைத்திருப்பது விடாத நடை ஒன்றே என்பதையும், களைப்பால் நடை தளர்ந்ததும் உடல் வெப்பம் சரியத் தொடங்குவதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. மலையுச்சியில் ஓய்வுக்காக அமர்பவரின் நிலையும் இதுவே. ஏற்றத்தின்போது பெருகிய வெப்ப உற்பத்தி சில நிமிடங்களில் ஓய்வு நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது; நனைந்த உடையும் காற்றும் வெப்பத்தை எடுத்துச் செல்வதோ குறையவில்லை. நடுக்கம் வெப்பத்தை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் நடுங்குவதும் தசையின் வேலைதான், அதற்கும் எரிபொருள் வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதை மருத்துவம் உடல்வெப்பக் குறைவு என வரையறுக்கிறது. அதன் தொடக்க அறிகுறிகளில் விரல்களின் மந்தமும் கால் இடறலும் மட்டுமல்லாமல், சரியாகத் தீர்மானிக்கும் திறன் மங்குவதும் அடங்கும்.

இறங்கும் தசை

மூச்சுக்கும் இதயத்துக்கும் இறக்கம் எளிது. ஆற்றல் செலவும் ஏற்றத்தைவிட மிகக் குறைவு. எனினும், மறுநாள் படுக்கையிலிருந்து எழும்போது தொடைகளில் உணரப்படும் வலி பெரும்பாலும் இறக்கம் தந்ததே. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிக்கொண்டே உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை இழுவிசையைத் தந்துகொண்டே நீள வேண்டியிருக்கிறது. முழங்கால் மடங்குவதைத் தடுத்து நிறுத்தாமல், மெல்ல மடங்க விடுவதுதான் அதன் பணி. தடுப்பான் போன்ற இந்த வேலையை உடலியலில் நீட்சிச் சுருக்கம் எனலாம். பிரிட்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்னும் மூவர் 1952-இல் இரண்டு மிதிவண்டிகளை எதிரெதிராகச் சங்கிலியால் இணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியைத் தடுக்கும்படி செய்தார்கள். இருவர் கால்களிலும் விசை ஒன்றே. ஆயினும் மிதித்தவர் செலவிட்ட ஆக்சிஜன், தடுத்தவர் செலவிட்டதைப் போல் பல மடங்கு இருந்தது. நீளும் தசை குறைந்த எரிபொருளில் பெரும் விசையைத் தாங்கவல்லது என்பதை இச்சோதனை ஐயமின்றி நிறுவியது.

அந்தச் சிக்கனத்துக்கு விலை வேறு வகையில் கொடுக்கப்படுகிறது. தசைநார்க்குள் சார்கோமியர் எனப்படும், ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால்தான் சுருக்கம் நிகழ்கிறது. விசையோடு நீட்டப்படும்போது எல்லா அலகுகளும் சமமாக நீள்வதில்லை. வலு குறைந்தவை தம் எல்லையைக் கடந்து இழுபட்டு, இழைகள் பிடி விலகி, அலகுகளைப் பிணைக்கும் தட்டுகள் சிதைகின்றன. இச்சேதத்தைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சியே ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடையும் தாமத வலியாக உணரப்படுகிறது. 1902-இலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியலாளர் இவ்வலி தசைக்குள் ஏற்படும் கிழிசல்களின் விளைவாக இருக்கலாம் எனக் கருதினார். லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுவது பொருந்தாது. லாக்டேட் நடை முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

வலி மறுநாளுக்குரியது, வலுக்குறைவோ அன்றைக்கே வந்துவிடுகிறது. ஓரடிக்குச் சராசரியாக 20 சென்டிமீட்டர் இறங்குவதாகக் கொண்டால், 1,300 மீட்டர் இறக்கத்துக்கு 6,500 அடிகள் தேவை. ஒவ்வொன்றும் ஒரு தடுப்பு வேலை. செயற்கை முழங்கால் மூட்டுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்த ஆய்வுகளில், சாதாரணப் படியிறங்கும்போதே மூட்டின் மீது உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட சுமை ஏறுவது தெரியவந்துள்ளது. சேதமுற்ற தசை வலுவை இழப்பதோடு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு அனுப்பும் செய்தியிலும் பிழை புகுகிறது. கால் எங்கே படும் என்று நடையாளர் எண்ணுகிறாரோ, அதற்குச் சற்றே தள்ளிப் படுகிறது. கோடையில் இந்தச் சிறு பிழையை உலர்ந்த பாறை பொறுத்துக்கொள்ளக்கூடும். இலையுதிர் காலத்தில், மர எல்லைக்குக் கீழே, காலையில் கண்ணுக்கு இனிமையாக இருந்த அதே இலைகள் பாதையை மூடிக் கிடக்கின்றன. நனைந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதோடு, அடியிலுள்ள வேரையும் ஆடும் கல்லையும் மறைத்தும்விடுகின்றன. நடைக்கோல்கள் சுமையில் ஒரு பகுதியைக் கைகளுக்கு மாற்றுகின்றன. முன்பே சில முறை இறங்கிப் பழகிய தசையில் சேதம் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. ஒரே ஒரு மிதமான இறக்கம்கூடப் பல வாரங்களுக்குப் பாதுகாப்புத் தருவது ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆகவே, ஏற்றத்துக்கு மட்டும் பயிற்சி செய்வது பாதிப் பயிற்சியே.

பகலின் எல்லை

மலை நடைக்கு ஆகும் நேரத்தை மதிப்பிட, ஸ்காட்லாந்து மலையேற்ற வீரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் தந்த விதி இன்றும் வழக்கில் உள்ளது: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதனுடன் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. டக்கர்மன் பாதைக்கு அது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் தருகிறது. வெள்ளை மலைகளின் கரடுமுரட்டை அறிந்தவர்கள் மைலுக்கு அரை மணியும் ஆயிரம் அடிக்கு அரை மணியுமாகக் கணக்கிடுவார்கள். அதன்படி ஏற்றத்துக்கு மட்டும் நான்கேகால் மணி நேரம். பாறைகளுக்கிடையே இறங்குவதற்கும் ஏறத்தாழ அதே நேரம் ஆகக்கூடும் என்பதால், ஓய்வையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது மணி நேரம் என்பது நேர்மையான மதிப்பீடு. ஜூன் மாதத்தில் இந்த அட்சரேகையில் பகல் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. அக்டோபர் 10 அளவில் சூரியன் காலை 7 மணிக்குச் சற்று முன் உதித்து மாலை 6 மணியளவில் மறைகிறது. கோடையில் ஆறு மணி நேரம் கையிருப்பாக இருந்த இடத்தில் இலையுதிர் காலம் இரண்டு மணி நேரமே விட்டுவைக்கிறது. பாதை மலையின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால், பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் சென்று பள்ளத்தாக்கு நிழலில் மூழ்குகிறது; பத்து மணிக்குப் புறப்பட்டவர் மூன்று மணியளவில் உச்சியை விட்டால், மர எல்லைக்குக் கீழே உள்ள கடினமான பகுதியை இருட்டிலேயே கடக்க வேண்டியிருக்கும்.

1855 செப்டம்பரில், லிசி போர்ன் என்னும் 23 வயதுப் பெண் உறவினர் இருவருடன் இம்மலையில் பிற்பகலில் ஏறத் தொடங்கினார். மேலே காற்றும் மேகமும் சூழ்ந்தன, இருள் கவிந்தது. வழி தெரியாமல் கற்களை அடுக்கி மறைவிடம் அமைத்துத் தங்கிய அந்த இரவில் அவர் உயிரிழந்தார். உச்சியிலிருந்த விடுதி மிக அருகிலேயே இருந்ததை மற்ற இருவரும் விடிந்த பிறகே கண்டார்கள். தாமதமான புறப்பாடும், காற்றும், களைப்பும், இருளும் ஒரே வேளையில் சேர்ந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது; செப்டம்பரின் நடுப்பகுதி என்பது அடிவாரத்தில் இன்னும் கோடையின் வாசனை நீங்காத காலம் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மூன்று கணக்குகளும் சந்திக்கும் இடம் இப்போது தெளிவாகிறது. உச்சியை விட்டுப் புறப்படும் வேளையில் கிளைகோஜன் குறைந்திருக்கிறது, உடை நனைந்திருக்கிறது, வெப்ப உற்பத்தி தாழ்ந்திருக்கிறது, தசைக்கு மிகக் கடுமையான வேலை இனிமேல்தான் தொடங்குகிறது, பகலில் எஞ்சியிருப்பதோ சில மணி நேரம். திரும்புவதா தொடர்வதா என்று தீர்மானிக்க வேண்டிய மூளையும் இவற்றுக்கு வெளியே இல்லை. குளிர்ந்த, பசித்த உடலின் பகுதியாகவே அதுவும் இயங்குகிறது. எனவே, அந்தத் தீர்மானத்தை உச்சிக்கு விட்டுவைப்பது முறையாகாது. ஆய்வு நிலையம் ஒவ்வொரு நாளும் வெளியிடும் உயர்சிகர வானிலை முன்னறிவிப்பைப் படித்து, சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதைச் செயல்படுத்தப் பொருத்தமான இடம் ஹெர்மிட் ஏரி: சரிவு இரட்டிப்பாவதற்கு முன், மர எல்லைக்குக் கீழே, மரங்களின் மறைவில் நனைந்த சட்டையை மாற்றவும், உண்ணவும், கடிகாரத்தையும் மேலே ஓடும் மேகத்தையும் ஒருசேரப் பார்க்கவும் முடிகிற கடைசி இடம் அதுவே. அங்கே திரும்புபவர் மலையிடம் தோற்றவர் அல்லர். உடலின் கணக்கைச் சரியாகப் படித்தவர். மேலே தொடர்பவரும், குறித்த மணி வந்ததும் உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் திரும்புவது என்ற உறுதியோடு தொடர்ந்தால், அடிவாரத்தில் தெளிந்த அறிவோடு எடுத்த முடிவு உச்சியில் மங்கிய அறிவுக்குத் துணை நிற்கும்.